பெண் வீட்டுத் தவளை

அந்த ஐப்பசிக் காலையில் ஊற்றுப் பள்ளத்துக் கரையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பள்ளத்துக்குச் சொந்தக்காரர் அம்மாசி, அவர் மனைவி கண்ணாத்தாள், ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் சத்யபிரியா, அவளோடு படித்து, இப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தும் பிரின்சி, மாரியம்மன் கோயில் பூசாரி காத்தான். பள்ளத்தை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் கோழித் தீவன மூட்டைகளை அடுக்கி அதன்மேல் ஏறி நின்ற பூபதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தலை மட்டும்தான் தெரிந்தது என்றாலும் ஆள் இருந்தது இருந்ததுதான். வேறு யாரும் இல்லை. நானும் கூட இருந்தேன் என்று டீக்கடையில் அளக்கிறவர்கள் அந்த நேரத்தில் போர்வைக்குள் இருந்தார்கள்.

அம்மாசியின் கையில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் கேன். அதற்குள் தலைப்பிரட்டைகள். ஆத்தூருக்குப் பக்கத்தில் மச்சான் வீட்டு நெல் வயலுக்கு அவரே போய், அவரே குனிந்து மொண்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தவை. எழுபதைத் தாண்டிய மனிதர். வழியில் யாரிடமும் கேனைக் கொடுக்கவில்லை.

இத்தனை பாடு எதற்கு என்றால், அது பெண் வீட்டு மரியாதைக்காக. எருமப்பட்டிக்கு வடக்கே இருக்கிற அந்த ஊரில் மழை பொய்த்தால் தவளைக்குக் கல்யாணம் செய்வார்கள். மாப்பிள்ளைத் தவளை ஊர் ஏரியிலிருந்து வரும். பெண் தவளை அம்மாசி குடும்பத்துப் பள்ளத்திலிருந்து வரும். இது பாட்டன் முப்பாட்டன் காலத்து ஏற்பாடு. தவளையைக் கலயத்தில் ஏந்திக் கோயிலுக்குப் போகும்போது அந்த வீட்டுக்காரர் பெண்ணைப் பெற்றவராக முன்னால் நடப்பார். ஊரார் எழுந்து நிற்பார்கள். முதல் தாம்பூலம் அவருக்கு. ஊரில் காரும் மாடிவீடும் வைத்திருப்பவர்கள் எல்லாம் அந்த ஒரு நாளைக்கு இரண்டாம் வரிசைதான்.

அந்தப் பள்ளத்தை ஒரு காலத்தில் அம்மாசியே வாய்க்கால் வெட்டி வடித்து மரவள்ளி போட்டார். ஊரே கிழங்கு போட்ட காலம் அது. தண்ணீர் போனது, தவளையும் போனது. அதைத் தப்பு என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இல்லை. சொல்லக்கூடிய ஆள் வீட்டில் ஒருத்திதான். அவளும் சமயம் பார்த்திருந்தாள். பிறகு கிழங்கு அழுகி, இரண்டு போகம் கைவிட்டுப் போன பின் சத்யபிரியா பிடிவாதம் பிடித்து வாய்க்காலை அடைக்க வைத்தாள். ஊற்று மறுபடி கசிந்தது. கோரை முளைத்தது. கொக்கும் நாரையும் வந்து நின்றன. தவளை மட்டும் வரவில்லை.

வராததற்குக் காரணம் அந்தச் சுவர்.

சுவரின் கதை இது. பூபதி அம்மாசிக்குப் பங்காளி. முறைக்குப் பெரியப்பா என்று கூப்பிட வேண்டியவன். பள்ளத்தை ஒட்டிய தன் நிலத்தில் கோழிப்பண்ணை போட்டான். கொட்டகை கூடக் கூட ஈயும் கூடியது. சத்யபிரியா கல்யாணத்தன்று வாசல் பந்தலில் இலை போட்டு, ராசிபுரத்துச் சம்பந்திகள் முன்னால் நெய் ஊற்றிய மறு நிமிடம் இலை கறுத்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன், இந்த ஊட்டுல ஈய்க்கும் பத்திரிகை வெச்சிருக்காங்களாட்டம் இருக்குது என்று சொல்லிவிட்டுக் கையை உதறி எழுந்தார். பந்தியே சிரித்தது. அம்மாசி அன்று சாப்பிடவில்லை. அந்த மாதமே ஹாலோ பிளாக் கல்லில் ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினார். ஈ பறக்கும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரியக்கூடாது, அவ்வளவுதான். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. பேச்சு நின்றதே தவிர ஏச்சு நிற்கவில்லை.

முன்பே ஒரு தடவை வந்து இரண்டு பக்கமும் பார்த்த பிரின்சி, விஷயத்தை நேராகச் சொன்னாள். பள்ளம் வடிந்த காலத்தில் தவளைகள் பக்கத்தில் பூபதியின் பண்ணைக்குட்டைக்குப் போய்விட்டன. அங்கே பெருகி இருக்கின்றன. அங்கிருந்து முட்டையோ குஞ்சோ எடுத்து விடுவதே நல்லது, இந்த மண்ணின் தவளை இந்த மண்ணிலேயே நிலைக்கும், வெகுதூரத்திலிருந்து கொண்டுவந்தால் நோயும் கூட வரும் என்றாள்.

அம்மாசி அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு அது முறைகெட்ட பேச்சு. பங்காளி வீட்டில் பெண் எடுப்பார்களா? பங்காளி வீட்டுப் பெண் தங்கச்சி முறை, மகள் முறை. பெண் எடுப்பது என்றால் கொடுக்கல் வாங்கல் உள்ள மாமன் மச்சான் வீட்டில்தான். தன் மனைவி பிறந்த ஆத்தூர்ப் பக்கம் இருக்க, தன் விருந்தைக் கெடுத்தவன் குட்டையில் போய்க் கையை விடுவதா? அப்படித்தான் அவர் பஸ் ஏறினார்.

அந்த ஐப்பசிக் காலையில் பிரின்சி கேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள்.

“ஐயா, இது ரொம்பக் கறுப்பா இருக்குங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கூட்டமாவே சுத்துது. பெருந்தவளைக் குஞ்சு பழுப்பா, தனித்தனியா இருக்கும். எனக்கென்னமோ இது தேரையோன்னு படுது.”

“எம் மச்சான் வயல்ல தேரை கெடையாதுங்க சாமி” என்றார் அம்மாசி.

சுவருக்கு மேலிருந்த தலை பேசியது. “ஏனுங்க பெரியப்பா, ஈ நடந்து வருமுன்னு சுவரு கட்டுனீங்க. இப்பத் தவள பஸ்ஸுல வருதுங்களா? டிக்கெட்டு அரையா முழுசா?”

பூசாரி காத்தான் சிரிப்பை மேல்துண்டால் மறைத்துக்கொண்டார். பிரின்சி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளுக்காக இல்லாவிட்டாலும் அந்தத் தலைக்காகவே அம்மாசி கேனைக் கவிழ்த்தார். கடுகு கொட்டினது போல அவை தண்ணீரில் சிதறி, சிதறிய வேகத்தில் மறுபடி ஒன்று சேர்ந்தன.

மார்கழி கழிந்ததும் பிரின்சி சொன்னது பலித்தது. பள்ளத்துக் கரை முழுக்கச் சுண்டைக்காய் அளவில் சொறி முதுகோடு தேரைகள் தத்தின. தத்தியவை பள்ளத்தோடு நிற்கவில்லை. மாட்டுத்தொட்டிக்குக் கீழே, வாசற்படியில், தென்னை மட்டைக்கு அடியில் எல்லாம் உட்கார்ந்தன. அந்தப் பக்கத்தில் தேரை என்றால் சும்மா இல்லை. தேங்காய் உள்ளே வற்றிப் போனால் தேரை பட்டது என்பார்கள். குழந்தை மெலிந்தால் தேரை விழுந்தது என்பார்கள். மசக்கையாக இருக்கும் பெண்கள் அம்மாசி வீட்டு வழியை விட்டுச் சுற்றிப் போனார்கள். மச்சான் ஊட்டுச் சீரு நல்லாத் துள்ளுதுங்க என்று பூபதி பால் சொசைட்டியில் வைத்துச் சொன்னது மாலைக்குள் வீடு வந்து சேர்ந்தது. தேரை ஈயையும் கொசுவையும் தின்னும், பாவம் அது என்று பிரின்சி போனில் சொல்லிப் பார்த்தாள். அம்மாசிக்கு அந்த ஆறுதல் வேண்டியிருக்கவில்லை.

ஆடி வந்தது. காற்று வந்தது, மழை வரவில்லை. கொல்லிமலை மேல் கட்டிய மேகம் கட்டினபடியே கலைந்தது. போர்வெல்கள் தண்ணீருக்குப் பதில் புழுதி கக்கின. ஆவணி முதல் புதன் தவளைக் கல்யாணம் என்று ஊர் கூடி முடிவு செய்தபோது, பெண் எங்கே என்ற கேள்வி எழுந்தது.

பூபதி எழுந்து நின்று, பெண் கொடுக்கும் உரிமை பள்ளத்துக்கு இல்லை, வம்சத்துக்கு என்று வாதம் வைத்தான். பள்ளம் பாகப்பிரிவினையில் பெரியப்பா பக்கம் போனது. வம்சம் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே என்றான். அந்த வாதத்தில் பொய் இல்லை. அதனால்தான் அது சுட்டது. அதோடு விட்டிருந்தால் அம்மாசி பொறுத்திருப்பார். பூபதி ஊரைப் பார்த்துக் கைகூப்பி மேலும் சொன்னான்:

“பெரியப்பா பள்ளத்துப் பொண்ணுக பூரா வாழ வழியில்லாம எங்கூட்டுக் குட்டைக்கு ஓடியாந்துட்டாங்க. இத்தன வருசம் நாந்தான் காப்பாத்தறேன். கல்யாணமும் நானே பண்ணிக் குடுத்தர்றனுங்க.”

ஒரு குடும்பத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் அது, தவளையைச் சொன்னாலும். அம்மாசி துண்டைத் தோளில் சரிசெய்தார். “புதன் காத்தால பள்ளத்துல பொண்ணு இருக்கும்” என்று மட்டும் சொன்னார். காத்தான் அதையே தீர்ப்பாக்கினார்: செவ்வாய் பொழுது சாய்வதற்குள் பள்ளத்தில் பெண் தவளை இருந்தால் மரியாதை அம்மாசிக்கு, இல்லாவிட்டால் பூபதிக்கு. அதன்பின் அது திரும்பி வராது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாசி சட்டையை மாட்டினார். மறுபடி ஆத்தூருக்குப் போவதாகவும், இந்த முறை பிரின்சியையும் கூட்டிப் போய்ப் பெரிய தவளையாகவே பிடித்து வரப் போவதாகவும் சொன்னார். கண்ணாத்தாள் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“மருமக எடுக்கறதுக்குத்தான் மச்சான் ஊட்டுக்குப் போவாங்க. இது மருமகளா?”

அம்மாசி நின்றார்.

“நம்மூட்டுப் புள்ளைன்னு ஊரு முன்னால தாரை வாக்கப் போறீங்க. அப்ப இது மக. எங்கண்ணன் புள்ளையக் கொண்டாந்து, எம்பொண்ணுன்னு சபையில நிறுத்துவீங்களா? எடுக்கற முறையும் குடுக்கற முறையும் உங்களுக்கு ஒண்ணாப் போச்சா?”

அவர் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்தார்.

“நம்ம புள்ளைக பங்காளி குட்டையிலதான் கெடக்குது. ஊட்ட வடிச்சுத் தொரத்துனது யாருன்னு நாஞ் சொல்லோணுமா?”

முறை தெரிந்தவர் என்று ஊரில் பெயரெடுத்தவர் அம்மாசி. யார் யாருக்கு எந்த முறை என்று சந்தேகம் வந்தால் சுற்றுவட்டாரத்தில் அவரைத்தான் கேட்பார்கள். அந்த முறையிலேயே அவர் சறுக்கியிருந்தார்; அதையும் கடலைத் தோலை ஊதிக்கொண்டே ஒருத்தி சொல்லிவிட்டாள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு வெளியே போய், தேங்காய் பறிக்கும் ஏணியை எடுத்துச் சுவரில் சாத்தினார்.

கட்டிய நாளிலிருந்து அவர் அந்தச் சுவருக்கு மேலே தலையை நீட்டியதில்லை. அன்று நீட்டினார். பூபதியின் போர்வெல்லும் வற்றிக்கொண்டிருந்தது. குட்டைக்கு விரித்த கறுப்பு பிளாஸ்டிக் தாள் வெயிலில் மினுமினுத்தது. அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர். தவளைகள் அதில் இல்லை. சுவரின் அடியில், நிழல் விழுந்த கோட்டில், வரிசையாக உட்கார்ந்திருந்தன. பச்சையும் மஞ்சளுமாக முதுகில் கோடு போட்ட பெருந்தவளைகள். எல்லாம் சுவரைப் பார்த்தபடி. இந்தப் பக்கத்து ஈரமண் அவற்றுக்கு மணத்திருக்க வேண்டும். சில அப்படியே காய்ந்து செருப்புத் தோல் போலக் கிடந்தன. ஒன்று அவர் கண் முன்னாலேயே எம்பிக் கல்லில் மோதி விழுந்து, மறுபடி உட்கார்ந்தது.

பிறந்த வீட்டு வாசலில் பெண்பிள்ளைகளை நிறுத்திவைத்துக் கதவைச் சாத்திய மனிதனை அம்மாசி தன் வாழ்நாளில் மதித்ததில்லை. ஏணியிலிருந்து இறங்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

ராசிபுரத்திலிருந்து சத்யபிரியா வந்து, பூபதியண்ணனிடம் ஒரு வார்த்தை நான் கேட்கட்டுமா என்றாள். கேட்கக்கூடாது என்றார். கொத்தனாரை வரச் சொல்லட்டுமா என்றாள். கட்டினது என் காசு, என் கோபம், கொத்தனாருக்கு இதில் வேலையில்லை என்றார். காலையில் கடப்பாரையோடு போனார். கண்ணாத்தாள் சாட்சிக்கு இருக்கட்டும் என்று காத்தானை வரவழைத்து உட்கார வைத்திருந்தாள்.

அடிவரிசைக் கல் முதல் இடிக்கு அசையவில்லை. மூன்றாவது இடிக்கு உடைந்தது. கை நுழைகிற அளவுக்குத் துளை. அடுத்த துளைக்கு நான்கு முழம் தள்ளிப் போனார். சுவர் நெடுக அப்படியே. சத்தம் கேட்டுப் பூபதி தீவன மூட்டை மேல் ஏறினான்.

“என்னுங்க பெரியப்பா, திருட்டுக் கன்னமா வெக்கறீங்க?”

“சுவரு என்னுது. ஓட்டையும் என்னுது.”

“அந்தப் பக்கத்துல இருக்கற தவள என்னுதுங்க.”

“கட்டி வையி.”

பூபதி இறங்கிப் போய், கொட்டகைக்கு வாங்கி வைத்திருந்த சிமெண்டு ஷீட்டை ஆளை வைத்துத் தூக்கி வந்தான். துளைகளுக்கு எதிரே தன் பக்கத்தில் அதை நிறுத்தி வைக்கப் போனான். அப்போதுதான் காத்தான் எழுந்து சுவரருகே வந்தார். குரலை உயர்த்தவில்லை. பெண் வரும் வழியை மறித்தவன் என்று மழை வராத குற்றத்தை ஊர் யார் தலையில் கட்டும் என்று நீயே யோசித்துக்கொள் சாமி என்றார். பூபதியின் கொட்டகைகளில் அந்த வாரம் வெயிலுக்குக் கோழிகள் செத்து விழுந்துகொண்டிருந்தன. தண்ணீர் லாரி ஒரு நாள் வந்தால் ஒரு நாள் வருவதில்லை. மழை அவனுக்கும்தான் வேண்டியிருந்தது. ஷீட்டை அங்கேயே கீழே போட்டான். அது இரண்டாக உடைந்தது.

“ஓடுகாலிகள யாரு மறிக்கறது. போகட்டும்” என்றான்.

அம்மாசி கடப்பாரையைச் சுவரில் சாத்தினார். “ஓடிப் போனது நாந் தொரத்துனதால. திரும்பி வாரது அதுக இஷ்டம். நடுவுல உனக்கும் பேச்சில்ல, எனக்கும் பேச்சில்ல.”

அதுதான் அவர் தன் தவறைப் பற்றி வெளியே சொன்ன ஒரே சொல். அதையும் திருப்பிக் கேட்டால் சொல்லியிருக்க மாட்டார்.

பிரின்சி போனில் சொன்னபடி துளைகளின் வாயிலிருந்து பள்ளம் வரை மண்ணை நனைத்து வைத்தார்கள். ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு, அம்மாசியும் மகளும் மாறி மாறி ஊற்றினார்கள். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. பூபதி மூட்டை மேலிருந்து, பொண்ணுகளுக்கு நல்ல நேரம் பாக்கறாங்களாட்டம் என்றான். இரண்டாம் நாள் அந்தி மங்கலில் ஒரு துளை வாயில் ஏதோ அசைந்தது. சின்னது ஒன்று தலையை நீட்டி, நனைந்த மண்ணில் வயிற்றை ஒட்டிப் படுத்து, அசையாமல் கிடந்தது. பிறகு ஒரே எம்பு. கோரைக்குள் தொப்பென்ற சத்தம். அதற்குப் பின்னால் பெரியவை வந்தன. சத்யபிரியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மாசி அவளை அதட்டி, குடத்தை நிரப்பி வரச் சொன்னார்.

செவ்வாய் மாலை காத்தான் வந்து பார்த்தபோது பள்ளத்தில் பெருந்தவளைகள் இருந்தன. பிரின்சி சேலத்திலிருந்து வந்து, தொண்டையில் கறுப்பு இல்லாத, உருண்டு பருத்த ஒன்றைக் காட்டி இது பெண்தான் என்றாள். கலயத்தில் ஈரக்கோரை பரப்பி அதில் வைத்தார்கள். தவளையின் உடம்பில் மஞ்சளும் கயிறும் படக்கூடாது, தோலாலும் மூச்சு விடும் உயிர் அது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், தாலிக்கயிற்றைக் கலயத்தின் கழுத்தில் கட்டுவது என்று ஆயிற்று. காத்தானுக்கு அதில் மனத்தாங்கல்தான்.

புதன் காலை அம்மாசி கலயத்தை ஏந்தி முன்னால் நடந்தார். ஊர் எழுந்து நின்றது. கோயில் வாசலில் பூபதி குறுக்கே நின்றான்.

“எல்லாருக்கும் தெரியட்டுமுங்க. இது எங் குட்டைத் தவள. பெரியப்பா வாங்கிட்டு வந்து காட்டறாரு.”

“நாங் கேக்கல. நீ குடுக்கல” என்றார் அம்மாசி. “அது காலு, அதும்பட வழி. பொறந்த ஊட்டுக்கு வந்துச்சு.”

பூபதி விலகவில்லை. அம்மாசியும் நிற்கவில்லை, நடந்த வேகத்தில் நடந்தார். கடைசி அடியில் விலகியது பூபதிதான். மாப்பிள்ளைத் தவளை ஏரி மதகுக் குழியில் கடைசியாகக் கிடந்த ஒன்று. பெண்ணில் பாதிதான் இருந்தது. சடங்கு முடிந்ததும் ஜோடியை ஏரியில் விடுவது வழக்கம். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததால் பள்ளத்திலேயே விட்டார்கள். மாப்பிள்ளை ஊட்டோட இருந்துக்கிட்டாரு என்று ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பை அம்மாசி அனுமதித்தார்.

முதல் தாம்பூலம் அவர் கையில் வந்தது. பங்காளிக்கு ஒரு பங்கு கொடுப்பது முறை. முறையை இன்னொரு தடவை தவறவிட அவர் தயாராக இல்லை. வெற்றிலையும் பாக்கும் வாழைப்பழமும் வைத்துக் காத்தான் கையில் கொடுத்து அனுப்பினார். மதியம் அவர் பள்ளத்துக் கரையில் நின்றபோது அந்த வெற்றிலை சுவருக்கு மேலாகப் பறந்து வந்து விழுந்தது. வாழைப்பழம் வரவில்லை.

ஆவணிக் கடைசியில் மழை பெய்தது. அது கல்யாணத்தால் பெய்ததா, பெய்கிற நாள் வந்ததால் பெய்ததா என்று அந்த வீட்டில் யாரும் உரிமை கொண்டாடவில்லை. பள்ளம் நிறைந்த மறுநாள் பொழுது சாய்ந்ததும் தவளைச் சத்தம் தொடங்கியது. பூபதி வீட்டுத் தூக்கமும் சேர்ந்து கெட்டது என்று கேள்விப்பட்டபோது அம்மாசி இரண்டாவது தடவை சோறு போடச் சொன்னார்.

இப்போது எருமப்பட்டி வரைக்கும் ஒரு பேச்சு உலவுகிறது. கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மாசி சுவரோரம் நின்று கெஞ்சினார் என்றும், பூபதி மனமிரங்கி ஒரு தவளையைச் சுவருக்கு மேலாக நீட்டினான் என்றும், அதை அவர் மேல்துண்டை விரித்து ஏந்தி வாங்கினார் என்றும் சொல்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அம்மாசி யாரிடமும் தவளை கேட்கவில்லை. யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. துண்டு அன்று முழுவதும் அவர் தோளில்தான் இருந்தது.